எட்டாம் நம்பர் ஆப்சென்ட்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. சுள்ளென்று வெயில். நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பறையில், என் கண்ணுக்கு மட்டும் ஒரு பெண் தெரிந்தாள்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சுகர் மாத்திரை போட்டேனா இல்லையா என்று தினமும் இரண்டு முறை குழம்புகிற ஆள்தான் நான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடியவள்தான். ஆனால் இது அந்த ரகம் இல்லை. முழுசாகக் கேளுங்கள்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய், ரோட்டோர வேப்பமரம்கூட வெள்ளையடித்து நிற்கிற பக்கம். பேச்சுப் போட்டிக்கு நடுவராக வர வேண்டும் என்று அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தார். பத்தி எழுதுகிறவர்களுக்கு இது ஒரு தொல்லை. வாரா வாரம் பேப்பரில் போட்டோ வந்தால் போதும்... பேச்சு, கோலம், சமையல் எதற்கு வேண்டுமானாலும் இந்தம்மா மார்க் போடும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் ஒரு சால்வைக்கு ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. தமிழ் ஐயா கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார். கையில் ஒரு தாள். அதில் பன்னிரண்டு பெயர்கள், எதிரே மார்க் போடக் கட்டங்கள். "நீங்கதான் இருக்கீங்களே மேடம், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்து வகுப்புப் போட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

தலைப்பு, மரம் வளர்ப்போம். வேறென்ன இருக்கப் போகிறது?

பெயர்களைக் கூப்பிட்டது வகுப்பு லீடர் ஷாலினி. இரட்டை ஜடை, சட்டையில் லீடர் பேட்ஜ், கணீரென்ற குரல். எடுத்த காரியத்தைச் சுத்தமாக முடிக்கிற பெண் என்று பார்த்ததுமே தெரிந்தது. முதல் ஏழு பேர் பேசினார்கள். பிள்ளைகள் பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். ஒருவன் பாதியில் மறந்துபோய் முழித்தான், வகுப்பே சிரித்தது. இன்னொருவனுக்குக் குரல் உடைந்து கீச்சென்றது, ஓவென்று கத்தினார்கள். எல்லோருக்கும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எட்டாவது பெயர், அபிநயா.

ஷாலினி அந்தப் பெயரைக் கூப்பிடவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். அப்போது ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நான்கு பேர் உட்காரக்கூடிய பெஞ்ச். அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் டெஸ்க்கின் மேல் ஒரே ஒரு மஞ்சள் சாமந்தி. யாருடைய தலையிலிருந்தாவது விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மைக் முன்னால் வந்து வணக்கம் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

எத்தனையோ மேடைகளில் அமைதியைப் பார்த்திருக்கிறேன். பேச்சைக் கேட்கிற அமைதி தெரியும், தூங்குகிற அமைதியும் தெரியும். இது வேறு. ஒரு பையன் ஷூ லேசை அவிழ்த்துக் கட்டினான். ஒரு பெண் பென்சிலைச் சீவினாள். மற்றவர்கள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள், முன்னால்தான் பார்த்தார்கள். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் வழியாக, அவளுக்குப் பின்னால் இருந்த கரும்பலகையைப் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணும் அவள் மேல் தட்டி நிற்கவில்லை.

அவள் நன்றாகவே பேசினாள். அவர்கள் ஊரில் சுரங்கத்துக்காக வெட்டப்பட்ட ஒரு புளியமரத்தைப் பற்றி. எனக்கு முதுகு சில்லிட்டதில் பாதி காதில் ஏறவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷாலினி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். நெட்டையாக ஒரு பையன் வந்தான். நேராக மைக்குக்கு வந்தான். அவள் சட்டென்று ஒதுங்கியிருக்காவிட்டால் அவள் மேலேயே நடந்திருப்பான். மைக்கை உயர்த்தி வைத்து, "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்துவிட்டான். அவள் பக்கத்தில் நின்று, மைக் இல்லாமல், மீதி இருந்த இரண்டு வரியைச் சொல்லி, நன்றி சொல்லி, போய் உட்கார்ந்தாள். கைத்தட்டல் இல்லை. எனக்கும் கை எழும்பவில்லை.

அவன் பேசி முடித்ததும் ஷாலினியைக் கிட்டே கூப்பிட்டு, இவனுக்கு முன்னால் பேசிய பெண்தானே அபிநயா என்று கேட்டேன்.

"முன்னாடி யாரும் பேசலையே மேம்," என்றாள். "எட்டாம் நம்பர் ஆப்சென்ட் மேம்."

பொய் சொல்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். கண் படபடக்கும், உதடு ஒரு பக்கம் இழுக்கும். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. மழை வரலையே மேம் என்பது போலச் சொன்னாள். முதல் பெஞ்சில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா கடைசி இரண்டு வருஷம் இல்லாதவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்து, காபி குடிங்க என்பாள். யாரும்மா என்று கேட்டால், உனக்குத் தெரியலையா என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரும் என்கிற பயம் எனக்கு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரை மறந்தால் அந்தப் பயம். ஒரு பெயர் ஞாபகம் வராவிட்டால் அந்தப் பயம். அந்த வகுப்பறையிலும் அதே பயம்.

மூன்றாவது பெஞ்சை இன்னொரு முறை பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பேனாவை எடுத்தேன். எட்டாம் நம்பருக்கு எதிரே 'ஆப்சென்ட்' என்று என் கையாலேயே எழுதினேன். மீதி மூன்று பேர் பேசியதும் கூட்டிப் போட்டு, கீழே கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டேன். ஷாலினி அதை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

மைதானத்து ஓரத்தில் குழாய் இருந்தது. முகத்தைக் கழுவினால் தேவலை என்று போனேன். தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டு நிமிர்ந்தால், அவள் பக்கத்தில் நிற்கிறாள்.

"மேம்... நான் பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. கேட்டுச்சும்மா என்றேன். அவள் என் கையைத் தொட்டாள். தெரியாமல் பட்ட மாதிரி தொட்டுவிட்டு, விரலை எடுத்துக்கொண்டாள். சுடச்சுட இருந்த கை. அப்போதுதான் எனக்குப் புத்தி தெளிந்தது. பேயுமில்லை, பிசாசுமில்லை, என் அம்மாவின் நோயுமில்லை. முன்னால் நிற்பது காய்ச்சலடிக்கிற ஒரு பதினாலு வயசுப் பிள்ளை.

"என் பேரு எழுதினீங்கல்ல மேம்?" என்று கேட்டாள்.

எழுதினேன் என்று சொன்னேன். ஆமாம், பொய்தான். இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் நேர்மை பற்றி எழுதிய கைதான் இது.

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

இரண்டு வாரம் முன்னால் வகுப்பையே சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பழங்கால மரத்தைப் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கு போன் கொண்டு வரக் கூடாது. நான்கைந்து பேர் ஒளித்துக் கொண்டுவந்து படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரிடம் போன் இருக்கிறது என்று வகுப்பு டீச்சர் கேட்டபோது, அபிநயா பார்த்ததைச் சொல்லிவிட்டாள். டீச்சர் போன்களைப் பிடுங்கினார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் வகுப்பில் எல்லோரையும் நிற்க வைத்து, அபிநயா மாதிரி உண்மை பேசக் கத்துக்கோங்க என்று பாராட்டினாராம். அந்த வாரக் கடைசியில் அவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். பாராட்டு மட்டும் இவள் தலையில் மிச்சம்.

திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் போனபோது யாரும் இவளிடம் பேசவில்லை. பேசாமல் இருந்தது மட்டும் என்றால் பரவாயில்லை. இவள் இல்லாத மாதிரி நடந்துகொண்டார்கள். அதற்கு முந்தின இரவே வகுப்பு வாட்ஸப் குரூப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்திருந்தது. இவள் வீட்டில் வாட்ஸப் இல்லை, யாருடைய போனிலோ எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம். நம் பஸ் ஸ்டாண்ட்களில் தினம் பார்க்கிறோமே, அதேதான். இவளுடைய ஐடி கார்டு போட்டோ, சுற்றி மாலை, 'தோற்றம்', 'மறைவு' என்று தேதிகள். 'மறைவு' என்பதற்கு நேரே அந்தத் திங்கட்கிழமை. கீழே 'கண்ணீருடன் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு'. அன்றிலிருந்து தினமும் காலையில் இவள் இடத்தில் ஒரு பூ இருக்கும். யார் வைத்தார்கள் என்று இவளுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்துபோய்விட்டார்கள். நோட்டுகளை வாங்கி அடுக்குகிறவர்கள் இவள் நோட்டை மட்டும் விட்டுவிட்டு அடுக்குவார்கள்.

யாரும் அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. என்னவென்று போய்ச் சொல்வாள்?

நாலு நாள் கழித்து, பாத்ரூம் கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். வெயிலில் நடக்கும்போது நிழல் விழுகிறதா என்று குனிந்து பார்ப்பாளாம்.

"விழும் மேம். ஆனா அது என்னுதுதானான்னு சந்தேகமா இருக்கும்," என்றாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். வேறொன்று நடந்தது. அந்தப் பள்ளியில் வகுப்பு லீடர்தான் வராதவர்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். ஆபீசிலிருந்து பெற்றோர் செல்லுக்கு மெசேஜ் போகும். வகுப்பு டீச்சர் இல்லாததால் சீட்டை யாரும் சரிபார்க்கவில்லை. ஷாலினி ஆட்டத்தைச் சுத்தமாக ஆடினாள். தினமும் அபிநயாவின் பெயரை எழுதினாள். தினமும் மெசேஜ் போனது: உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை.

அவள் அப்பா சின்னதுரை, ஆலத்தியூர் பக்கம் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். காலையில் யூனிபார்ம் போட்டு டவுன் பஸ் ஏறிய பெண் பள்ளிக்குப் போகவில்லை என்றால், பெற்றவர் என்ன நினைப்பார்? எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்றுதான். பள்ளிக்குத்தான் போனேன் என்று இவள் சத்தியம் செய்தாள். அவர் ஆபீசுக்கு போன் செய்து கேட்டார். சீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். இஸ்கூலு பொய் சொல்லுமா என்று கேட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்ணை அடித்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு மெசேஜ் வந்தால் டி.சி. வாங்கிவிடுவேன், படித்தது போதும் என்று முந்தின நாள் சொல்லிவிட்டார்.

பள்ளியில் அவள் செத்துப்போனவள். வீட்டில் பொய் சொல்கிறவள். இரண்டுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பேச்சுப் போட்டிக்கு வெளியிலிருந்து நடுவர் வருகிறார். தமிழ் ஐயாவிடம் நேரில் போய்ப் பெயர் கொடுத்தால், அவர் பட்டியலில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். நடுவருக்கு வகுப்பின் ஆட்டம் தெரியாது. அவர் மார்க் போடுவார், கையெழுத்து போடுவார். ஜெயிக்க வேண்டாம், பூஜ்யமே வாங்கினாலும் போதும்.

"உங்க பேப்பர்ல என் பேருக்கு நேரா ஏதாச்சும் நம்பர் இருந்தா, எங்கப்பா நம்புவாரு மேம்," என்றாள்.

என் தலையில் இடி விழுந்தது என்று எழுதினால் அது சும்மா எழுத்து. நிஜத்தில் நான் நினைத்தது ஒன்றுதான், அந்தத் தாள் இப்போது யார் கையில்? இரு வருகிறேன் என்று அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ஆபீசுக்கு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினேன்.

தலைமையாசிரியை அறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காக்கி பேன்ட், கால் ஷூவெல்லாம் சுண்ணாம்புத் தூசி, மடியில் ஹெல்மெட். மேஜையில் கையால் எழுதிய ஒரு மனு. ஒன்பதாவது மெசேஜும் காலையிலேயே வந்துவிட்டது. ஷிப்ட் முடித்த கையோடு டி.சி. கேட்க வந்துவிட்டார் சின்னதுரை.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. அவசரப்படாதீங்க, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அன்றைக்கு நடந்த போட்டியின் மார்க் தாளை வாங்கிப் பார்த்திருக்கிறார். நான் உள்ளே நுழைந்தபோது அதைத்தான் அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இதோ மேடமே வந்துட்டாங்க. இவங்க பத்திரிகையில எழுதறவங்க. இவங்களே ஆப்சென்ட்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார்.

சின்னதுரை என் கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நம்பிக்கையும் போன முகம் அது. பெண் பொய்தான் சொல்லியிருக்கிறாள் என்று அந்தத் தாள் உறுதி செய்துவிட்டது.

நான் எழுதியது தப்பு, அந்தப் பெண் வந்தாள், பேசினாள், நான் பார்த்தேன் என்று சொன்னேன்.

"வந்த புள்ளய வரலைன்னு ஏங்க எழுதுனீங்க?" என்று கேட்டார்.

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கவனக்குறைவு என்று சொல்லியிருக்கலாம், வரிசை மாறிவிட்டது என்று சமாளித்திருக்கலாம். சொல்லவில்லை.

"பயந்துட்டேங்க. எல்லாரும் இல்லைன்னு சொன்னாங்க. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சு எழுதிட்டேன்," என்றேன்.

அவர் நம்பவில்லை. பெண்ணுக்குப் பரிந்து பேச வந்த டவுன்காரம்மா என்று நினைத்திருப்பார். தலைமையாசிரியைக்கும் முகம் மாறிவிட்டது. ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வாங்க, நாமே போய்ப் பார்ப்போம் என்று எழுந்தார். ஆபீஸ் கிளார்க் பெண்ணை முன்னால் போய் விசாரிக்கச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றோம்.

கிளார்க் பெண் வாசலில் நின்று, கையில் இருந்த சீட்டைப் பார்த்தபடி, அபிநயா வந்திருக்காளா என்று கேட்டாள். அவளுக்கு அபிநயா யாரென்று தெரியாது.

"ஆப்சென்ட்க்கா," என்றது வகுப்பு. நாற்பத்தோரு குரல், ஒரே ராகத்தில்.

ஜன்னல் கம்பியிலிருந்து மூன்றடி தூரத்தில் அபிநயா உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்தச் சாமந்தி. அவள் கையைத் தூக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. தன் பெயரைக் கேட்டதற்கான ஓர் அசைவுகூட அவளிடம் இல்லை. அதைப் பார்த்த நேரத்தை நான் மறக்கப் போவதில்லை. மற்றவர்கள் சொன்னதைவிட அவள் சும்மா இருந்ததுதான் என்னை நடுங்க வைத்தது.

சின்னதுரை உள்ளே போனார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். யாரையும் அவர் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சில், காலியாகக் கிடந்த இடத்தில், மகள் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார். ஹெல்மெட்டை டெஸ்க்கில் வைத்தார்.

"சோறு தின்னியா?"

"இன்னும் இல்லப்பா."

"இது என்ன பூவு?"

"தெனமும் வப்பாங்கப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது. யாருக்குத்தான் புரியாது? அந்தப் பூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. டிப்பர் லாரி ஓட்டுகிற மனுஷன் அழுவதை அந்தப் பிள்ளைகள் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருத்தரும் உட்காரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பேசிய அதே நெட்டைப் பையன்.

"வந்துருக்கா மேம்," என்றான். "தெனமும் வந்தா மேம்."

பிறகு இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். சிலர் சும்மா நின்றார்கள். ஷாலினி கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. சின்னதுரை ஆபீசுக்குத் திரும்பி வந்ததும், அந்த மனுவைக் குடுத்துருங்க மேடம் என்று வாங்கி மடித்து, பூ இருந்த அதே பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பெற்றோரை எல்லாம் அழைத்தார்கள். நானும் போயிருந்தேன். ஒரு பிள்ளையும் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. நாங்க ஒண்ணுமே பண்ணலையே என்று கேட்டார்கள். உண்மைதானே? ஒன்றுமே செய்யாமல்தான் செய்தார்கள். ஒரு அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தால், பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் என்ன கொண்டு வருவது என்று ஒரு பட்டியல். ஒருத்தர் முறுக்கு, ஒருத்தர் வாழைப்பழம். அந்த அம்மா அந்த குரூப்பில் தினமும் குட்மார்னிங் போட்டுக்கொண்டிருந்தவர். பட்டியலை அவர் பார்த்ததே இல்லை.

கிளம்பும்போது ஷாலினி என் பின்னாலேயே வந்தாள். ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"விளையாட்டாத்தான் ஆரம்பிச்சோம் மேம். மொத ரெண்டு நாள் பாக்காம இருக்க கஷ்டமா இருந்துச்சு. அப்புறம்..." நிறுத்தினாள். "அப்புறம் நெஜமாவே கண்ணுக்குத் தெரியல மேம்."

இதைக் கேட்டபோது எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்தால் நான் அயோக்கியத்தி. ஒருத்தி கண்ணுக்குத் தெரியாமல் போக அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் பிடித்தது. எனக்கு அரை நிமிஷம்.

இப்போது அங்கே டீச்சர்தான் பெயர் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு எடுக்கிறார்கள். இடத்தை வாரா வாரம் மாற்றுகிறார்கள். யாராவது ஒரு தப்பைச் சொன்னால், சொன்னது யார் என்று மேடை போட்டு அறிவிப்பதில்லை என்று ஆசிரியர்கள் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஐந்தாறு பேர்தான் அவளோடு பேசுகிறார்கள். மற்றவர்களுக்கு வெட்கமா, வீம்பா என்று தெரியவில்லை. நெட்டைப் பையன் அவளிடம் புவியியல் நோட்டைக் கடன் கேட்டானாம். அதை என்னிடம் போனில் சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் நாம் என்ன கேட்கிறோம்? என்ன மார்க், யாராவது அடிச்சாங்களா, டிபனைச் சாப்பிட்டியா. இனிமேல் இன்னொன்றையும் கேளுங்கள். இன்னிக்கு உன்கிட்ட யார் யார் பேசினாங்க? பதில் வர நேரமானால், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். இன்னொரு பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள்: உங்க வகுப்புல யார்கிட்ட யாரும் பேசறதில்ல? இந்தக் கேள்விக்குத்தான் நம் வீட்டுப் பிள்ளை தலையைக் குனியும்.

இந்த மாதிரிக் கட்டுரைகளில் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்று போடுவது வழக்கம். ஷாலினியின் பெயரை மாற்றியிருக்கிறேன், அவளும் குழந்தைதான். அபிநயாவின் பெயரையும் மாற்றத்தான் நினைத்தேன். அவள் நன்மைக்குத்தான். அவளிடமே போனில் கேட்டேன். அப்புறம் போன் கை மாறியது. என்னை இன்னும் முழுசாக மன்னிக்காத அவள் அப்பா பேசினார்.

"பேர மாத்தாதீங்க மேடம். என் மொத எழுத்தயும் சேத்துப் போடுங்க."

சி. அபிநயா, ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. அன்றைக்கு வந்திருந்தாள். நான் பார்த்தேன்.